மௌக்லியின் ஊர்: ஓர் அசைவூட்டப் படத்தின் பதிப்புகளும் புறவுரைகளும்

நூலின் முன்னே பாயிரம் வைப்பது தமிழ் மரபு. நன்னூலார் அதற்கு வழங்கும் பெயர்களை ஏழாகத் தொகுத்துரைப்பர். அவற்றுட் புனைந்துரை என்பது நூலினை அலங்கரித்துக் கூறுவது. தந்துரை என்பது நூலினுள் இல்லாத பொருளைப் புறத்திருந்து கொணர்ந்து தருவது. அச்சு வாகனம் ஏறிய பின்னரும் இம்மரபு மறையவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எழுதிய பதிப்புரைகள் மூலபாடத்தை வாசகன் எவ்வாறு அணுகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வலிமை பெற்றிருந்தன. கம்பராமாயணப் பதிப்புகளில் இடைச்செருகல் எனக் கருதி நீக்கப்பட்ட செய்யுள்கள் மிகைப்பாடல்கள் என்னும் தலைப்பின்கீழ்ப் பின்னிணைப்பாக வருவதையும் இங்கு நினைவுகூரலாம். நீக்கப்பட்டதைக் காட்டுவது, நீக்கியதை நியாயப்படுத்தும் முறைகளுள் ஒன்றாகும்.

வீட்டிற் பார்ப்பதற்கென வெளியிடப்படும் திரைப்படங்களுக்கும் இத்தகைய உரைகள் உண்டு. வீடியோ நாடாவின் இடத்தை இறுவட்டு கைப்பற்றிய 1990களின் இறுதியிலிருந்து, படத்தோடு அதன் ஆக்கவரலாறு, நெறியாளர் விளக்கவுரை, விலக்கப்பட்ட காட்சிகள், பாடப்படாத பாடல்கள் ஆகியவற்றையும் சேர்த்து விற்பது வழக்கமாயிற்று. விற்பனை உத்தியாகத் தோன்றியமையால் இவை ஆய்வுக்கு உரியனவல்ல என ஒதுக்குவது எளிது. ஆயின், ஒரு படத்தின் பொருள் பற்றிய வழக்கு அப்படத்தினுள் அன்றி அதன் இணைப்புகளிலேயே தீர்க்கப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. வோல்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘ஜங்கிள் புக்’ அத்தகைய ஒன்று. காட்டில் வளர்ந்த சிறுவன் ஒருவனை, அவனுக்குரிய இடம் வேறெங்கோ இருக்கின்றதெனக் கூறி அனுப்பிவைப்பதே அதன் கதை. பதுளையிலிருந்து அதனைப் பார்ப்போருக்கு அக்கதை வெறும் விலங்குக் கதையாக இருத்தல் அரிது.

இப்படம் 1967 ஒக்டோபர் 18 ஆம் திகதி வெளிவந்தது. வோல்ட் டிஸ்னி அதற்கு முன்னரே, 1966 டிசெம்பர் 15 இல் மறைந்துவிட்டார். அவர் நேரிற் கண்காணித்த இறுதி அசைவூட்டப் படங்களுள் ஒன்று என்பதால் இதனைச் சூழ ஒருவகைப் பக்தியுணர்வு படர்ந்துள்ளது. மூலம் ருட்யார்ட் கிப்ளிங் 1894 இலும் 1895 இலும் வெளியிட்ட இரு கதைத் தொகுதிகள். கதையைத் திரைக்கு முதலில் வகுத்தவர் பில் பீற். கிப்ளிங்கின் இருண்ட தொனியைப் பெரும்பாலும் காத்துநின்ற அவ்வடிவம் வோல்ட்டுக்கு உவப்பாகவில்லை. கருத்து முரண்பாடு முற்றி, 1964 ஜனவரியில் பீற் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். பின்னர் அப்பணியில் அமர்ந்த லரி கிளெமன்ஸிடம் கிப்ளிங்கின் நூலைக் கொடுத்த வோல்ட், அதனைப் படிக்கவேண்டாம் என்றே முதலிற் பணித்தார் என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் செய்தி. டெரி கில்கிசன் இயற்றிய பாடல்களும் கனத்த தொனியுடையன என விலக்கப்பட்டு, ஷேர்மன் சகோதரர்களின் பாடல்கள் இடம்பெற்றன. கில்கிசனின் பாடல்களுள் எஞ்சியது பலூக் கரடி பாடும் ஒன்றே. ஒஸ்கார் பரிந்துரை பெற்றதும் அதுவே என்பது சுவையான முரண்.

வீட்டுப் பதிப்புகளின் வரிசையில் 1991 ஆம் ஆண்டு வீடியோ நாடாவைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1999 டிசெம்பரில் வந்த முதலாவது டி.வி.டி பதிப்பும் இணைப்புகளைப் பொறுத்தவரை வறியதே. படம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் நான்குக்கு மூன்று என்ற சட்டத்தில் அமைந்திருந்தது. 2007 பதிப்பு திரையரங்கிற் காட்டப்பட்ட அகன்ற சட்டத்துக்குத் திரும்பியது. ஓவியர் வரைந்த பரப்பு முழுமையாக வேண்டும் என்போர் முன்னதையும், திரையரங்க அனுபவம் வேண்டும் என்போர் பின்னதையும் போற்றுவர். இது பாடபேதம் பற்றிய வழக்குப் போன்றதே. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

2007 ஒக்டோபரில், படத்தின் நாற்பதாம் ஆண்டினையொட்டி வந்த இரட்டை வட்டுப் பதிப்பே புனைந்துரைக்குத் தக்க உதாரணம். முதல் வட்டிலே படத்துடன் ஒரு விளக்கவுரை ஓடுகின்றது. பாடலாசிரியர் றிச்சர்ட் ஷேர்மன், பிற்காலத்து அசைவூட்டக் கலைஞர் அன்ட்ரியாஸ் டேஜா, மௌக்லிக்குக் குரல்கொடுத்த புரூஸ் றைதர்மன் ஆகியோர் உரையாட, மறைந்த கலைஞர்களின் பழைய ஒலிப்பதிவுகளும் இடையிடையே வருகின்றன. புரூஸ், நெறியாளர் வூல்ஃப்காங் றைதர்மனின் மகன். வளர்ந்தபின் இயற்கை ஆவணப் படங்களை எடுப்பவரானார். காட்டுச் சிறுவனுக்குக் குரல்கொடுத்தவர் காட்டைத் தேடிச் சென்றதை ஒரு தனிப்படமே கொண்டாடுகின்றது. விலக்கப்பட்ட காண்டாமிருகப் பாத்திரம் ஒன்று ஓவியங்களாகக் காட்டப்படுகின்றது. கில்கிசனின் பாடல்களும் இங்கு மிகைப்பாடல்களாக இடம்பெறுகின்றன. அவற்றைக் கேட்பவர், வோல்ட் கூறியதுபோல் அவை கனத்தவை என்பதை ஒப்புக்கொள்வர். அதே வேளை, படத்தில் இல்லாத ஓர் அச்சவுணர்வும் காட்டின் மீதான மரியாதையும் அவற்றில் உண்டு என்பதையும் உணர்வர்.

இப்பதிப்பின் உயிர்நிலை இரண்டாம் வட்டிலே உள்ளது. ஆக்கவரலாற்று ஆவணமும், கிப்ளிங்கின் கதை வோல்ட்டின் கையில் எவ்வாறு மாற்றமுற்றது என்பதை விளக்கும் பகுதியும் பீற்றின் பெயரை மறைக்கவில்லை. இது பாராட்டத்தக்கது. ஆனால் அவை கதையைச் சொல்லும் முறை ஒன்றே: பீற் இருளை விரும்பினார், வோல்ட் ஒளியை விரும்பினார், ஒளி வென்றது. முடிவு முன்னரே தெரிந்த வழக்கிலே தோற்றவர் சாட்சியமும் வென்றவருக்கே பயன்படுகின்றது. பீற் வகுத்த கதை எங்கே சென்று முடிந்தது, அம்முடிவு எதனைக் கூறிற்று என்ற வினா இப்பதிப்பில் உரிய இடம் பெறவில்லை.

அவ்வினாவுக்கு விடை 2014 பெப்ரவரியில் வெளிவந்த புளூ-ரே பதிப்பிலேயே கிடைக்கின்றது. அதன் பிற இணைப்புகள் பெரும்பாலும் இலேசானவை. நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்காவைச் சுற்றிக்காட்டும் பகுதியை விளம்பரம் என்பதன்றி வேறெதுவும் சொல்ல இயலாது. றிச்சர்ட் ஷேர்மன், வோல்ட்டின் மகள் டயான் டிஸ்னி மில்லர், கதைக்கலைஞர் ஃபுளோயிட் நோர்மன் ஆகிய மூவர் உரையாடும் பகுதி நினைவின் வெதுவெதுப்பு நிறைந்தது. வேடனும் மௌக்லியும் பற்றிய மாற்று முடிவே இப்பதிப்பின் தந்துரை. கதைப்பலகை ஓவியங்களாக மட்டுமே அது உள்ளது. பீற் வகுத்த அக்கதையில் மௌக்லி கிராமத்தை அடைகின்றான்; வேடன் புல்தியோவுடன் பகை கொள்கின்றான். பாழடைந்த நகரின் புதையலுக்கு வழிகாட்டுமாறு வேடன் அவனை வற்புறுத்துகின்றான். புலிக்கு அஞ்சிக் காட்டையே எரிக்கத் துணிந்து அப்புலிக்கே இரையாகின்றான். மௌக்லி வேடனின் துப்பாக்கியாற் புலியை வீழ்த்துகின்றான். கிராமமும் காடும் அவனை ஏற்கின்றன. ஓநாய்களின் சபையிலே அமரும் முதல் மனிதனாகின்றான்.

இம்முடிவை 1967 ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். படத்தில் ஓநாய்கள் இரவிலே பாறையின்மீது கூடுகின்றன. ஷேர்கான் திரும்பிவிட்டான்; சிறுவன் இங்கிருந்தால் எல்லோருக்கும் ஆபத்து; ஆகவே அவன் மனிதர் கிராமத்துக்குச் செல்லவேண்டும் எனத் தீர்ப்பாகின்றது. அழைத்துச்செல்லும் பொறுப்பைக் கருஞ்சிறுத்தை பகீரா ஏற்கின்றது. மௌக்லி அச்சபையில் இல்லை. அவனுடைய விருப்பம் கேட்கப்படவுமில்லை. வளர்த்த ஓநாய்த் தந்தையின் துயரமும் தீர்ப்பை மாற்றவில்லை. எஞ்சிய படம் முழுவதும் அச்சிறுவன் போக மறுப்பதும், அவனிடம் அன்புள்ளவர்களே அவனைப் போகச்செய்ய முயல்வதுமாகும். பீற்றின் முடிவு, அவனை அனுப்பிய அதே சபையில் அவனை இருத்தியதன் மூலம் முதற்காட்சியின் அநீதிக்கு விடைகூறிற்று. படத்தின் முடிவிலோ குடத்துடன் வந்த சிறுமியைப் பின்தொடர்ந்து அவன் கிராமத்தினுள் நுழைய, தீர்ப்பு சரியானதே என்று பகீரா திருப்தியடைகின்றது. மாற்று முடிவின் பெறுமதி அதன் விறுவிறுப்பில் இல்லை. துப்பாக்கியாற் சிக்கலைத் தீர்க்கும் அப்பகுதி கலைநோக்கில் பலவீனமானது என்றே சொல்லவேண்டும். சபையைப் பற்றிய வினாவை அது கேட்டது என்பதே அதன் பெறுமதி.

பீற் விலகிய 1964 ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபர் 30 ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்கள் 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டனர். அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு பிரதமர்களும் உடன்பட்டனர். அந்த எஞ்சியோர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்ணப்பட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. 1924 இல் பதுளைவரை வந்து நின்ற புகையிரதப் பாதை, ஊவாத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட பாதையுமாயிற்று. அவர்கள் ஏறிய வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. பிறந்திராத, கண்டிராத ஊரை அவர்களுடைய சொந்த ஊர் என்று ஆவணங்கள் கூறின. பகீராவும் மௌக்லியிடம் கூறுவது இதனையே.

அமெரிக்க ஓவியர்களுக்கு இவ்வொப்பந்தம் பற்றி ஏதும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒப்புமையை வலிந்து இழுத்தல் திறனாய்வுக்கு அழகன்று. ஒப்புமை தவறும் இடத்தையும் சுட்டவேண்டும். மௌக்லி காடு வளர்த்த பிள்ளை. தோட்டத் தொழிலாளரோ காட்டை அழித்துக் கோப்பியும், 1869 இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலையும் நாட்டியோர். அவர்களை எவரும் கண்டெடுத்து வளர்க்கவில்லை. நாட்டின் செல்வத்தை வளர்த்தவர்கள் அவர்களே. எனவே மௌக்லியின் நிலையைவிட அவர்களின் உரிமை வலுவானது. நாடு திரும்பியோருக்கு வேலை வழங்கவென 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் உள்ளன. அவற்றை அடுத்த கூடலூர்ப் பகுதி புலி உலவும் முதுமலைக் காட்டின் அருகே அமைந்தது. மனிதர் கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் காட்டோரத்திலே குடியேற நேர்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் இலங்கையில் நிறைவேற 2003 வரை செல்லவேண்டியிருந்தது.

கிப்ளிங் இவ்விடயத்தில் டிஸ்னியைவிட நேர்மையானவர் எனலாம். அவருடைய மௌக்லியை ஓநாய்க் கூட்டமும் விலக்குகின்றது. சூனியக்காரன் என்று கிராமமும் கல்லெறிந்து துரத்துகின்றது. இரு பக்கமும் இல்லாதவனின் துயரம் அங்கே மறைக்கப்படவில்லை. ஆயின் அத்துயரத்துக்கு அவர் கண்ட தீர்வு ஏகாதிபத்தியத் தீர்வு. 1893 இல் எழுதிய கதையொன்றில், வளர்ந்த மௌக்லி வெள்ளை அதிகாரியின் கீழ் அரசாங்க வனத் திணைக்களத்தில் ஓய்வூதியத்துடன் கூடிய வேலை பெறுகின்றான். காடும் கிராமமும் விலக்கியவனைத் துரை ஏற்றுக்கொள்கின்றார்.

வேடனைப் பற்றியும் ஒரு சொல். கிப்ளிங்கின் புல்தியோ வீண்பெருமை பேசும் நாட்டு வேடன், நகைப்புக்கு உரியவன். படம் அவனை முற்றாக நீக்கிற்று. மாற்று முடிவு அவனைக் கொடியவனாக மீட்டது. மூன்றிலும் வேட்டையின் பழி சுதேசியின் தலையிலேயே விழுகின்றது. ஊவாவின் வரலாறு வேறு. பதுளையில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பேர்பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். பதுளையின் சென். மார்க் தேவாலயம் அவருடைய நினைவைத் தாங்கி நிற்கின்றது. இவ்வூரில் வேடனுக்கு நினைவாலயமே உண்டு. எந்தப் பதிப்பின் எந்த இணைப்பும் துரைமாரின் வேட்டையைப் பற்றி வாய்திறக்கவில்லை.

படத்தின் யானைக்கூட்டம் இதற்கு ஒருவாறு பரிகாரம் செய்கின்றது. கேணல் ஹாதியின் காலை அணிவகுப்பு ஆங்கிலேய இராணுவ மிடுக்கைக் கேலிசெய்வது. விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்த அனுபவமுடைய குடும்பங்களுக்கு அக்காட்சியின் நகைச்சுவைக்கு விளக்கவுரை தேவைப்படாது. இறுதிக் காட்சியின் சிறுமியைப் பற்றி அவ்வாறு கூற முடியவில்லை. தந்தை வேட்டைக்குச் செல்ல, தாய் சமைக்க, தான் தண்ணீர் சுமப்பதாகவும், தான் தாயானதும் தன் மகள் சுமப்பாள் எனவும் அவள் பாடுகின்றாள். இதனைப் படமும் அதன் உரைகாரரும் இயற்கையின் நியதிபோல் இரசிக்கின்றனர். பகல் முழுதும் கொழுந்து கொய்து, பீலியில் தண்ணீர் பிடித்து, லயக் காம்பிராவில் அடுப்பும் மூட்டிய பெண்களின் பேத்திமார் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கின்றனர். அவர்கள் அதே பாட்டைக் கேட்டு இரசிப்பார்களா என்பது ஐயமே.

குரங்கரசன் லூயி பற்றிய வழக்கு நன்கு அறியப்பட்டது. கிப்ளிங்கின் குரங்குகளுக்கு அரசன் இல்லை; இந்தியக் காட்டில் ஒராங்ஊட்டானும் இல்லை. மனிதனாக விரும்பும் குரங்கை ஜாஸ் இசையோடு இணைத்தமை கறுப்பினத்தவரை இழிவுசெய்வதாகக் கண்டிக்கப்பட்டது. பாடியவர் இத்தாலிய வழிவந்த லூயி பிறீமா என்பது அதற்குப் போதிய விடையாகவில்லை. 2020 இல், இணையவழித் திரையிடலில், எதிர்மறையான சித்திரிப்புகள் பற்றிய எச்சரிக்கை வாசகம் ஒன்று படத்தின் முன்னே வைக்கப்பட்டது. பழைய பதிப்புகளின் பல மணி நேரப் புனைந்துரையின் பின் வந்த இவ்வாசகம் சில வரிகளே கொண்டது. நிறுவனம் தன் படத்தைப் பற்றித் தானே குறைகூறிய பாயிரம் என்ற வகையில் அது தனித்துவமானது. எனினும் எது பிழை, ஏன் பிழை என்பதை அது விளக்கவில்லை. விளக்கியிருக்கக்கூடிய பழைய இணைப்புகளோ அப்பணியைச் செய்யவில்லை.

இவ்வளவு உரைகளும் ஊவாவை எட்டியது எந்த அளவுக்கு என்பது இறுதியாக நோக்கற்பாலது. தோட்டப்புறச் சிறுவர்க்கு அசைவூட்டப் படம் அறிமுகமானது பெரும்பாலும் தொலைக்காட்சியின் ஊடாகவே. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியபின் டைட்டஸ் தொட்டவத்த மொழிமாற்றிய வெளிநாட்டுக் கார்ட்டூன்களின் சிங்களக் குரல்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாயின. அதன்பின் வந்தது பிரதி இறுவட்டு. வீசீடி எனப்பட்ட வட்டொன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 80 நிமிடங்கள். ‘ஜங்கிள் புக்’ ஓடுவது 78 நிமிடங்கள். படம் மட்டுக்குமட்டாக அடங்கிவிடும். மேலதிகமாக எதற்கும் இடமில்லை. டி.வி.டி வந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. மூலவட்டு இரட்டை அடுக்கில் 8.5 கிகாபைட் கொள்வது. கடைகளில் மலிவாகக் கிடைத்த வெற்றுவட்டு 4.7 கிகாபைட் மட்டுமே கொள்வது. பிரதி செய்பவர் முதலில் வெட்டுவது இணைப்புகளையே. 2007 பதிப்பில் பீற்றைப் பற்றிய செய்திகள் இருந்த இரண்டாம் வட்டினைப் பிரதி செய்வதற்கு வணிக நியாயம் ஏதுமில்லை. முறையான அமெரிக்கப் பதிப்பு கைக்கெட்டினாலும் அதன் துணைவாசகங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளிலேயே உள்ளன.

இவ்வாறு, உரையின் தேவை மிக உணரப்படக்கூடிய இடத்துக்குப் படம் உரையின்றி வந்து சேர்ந்தது. பிரதி வட்டிலே சிறுமி குடத்தை நழுவவிடுகின்றாள்; மௌக்லி அதனை எடுத்து நிரப்பித் தலையில் ஏற்றி அவள் பின்னே நடக்கின்றான்; கரடியும் சிறுத்தையும் பாடியவாறு காட்டுக்குத் திரும்புகின்றன. அத்தோடு வட்டு நின்று, திரை நீல நிறமாகின்றது.